போவன்பள்ளி சந்தையில் ஒரு வகுப்பு

பல வருடங்களுக்கு முன்பு ஹைதராபாத் கல்லூரி ஒன்றில் புள்ளியியல் விரிவுரையாளராக இருந்தேன். கரும்பலகையைப் பார்த்தே பாடம் நடத்துவேன். மாணவர்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சலிப்புத் தாங்காமல் ஒரு நாள் காலையில் வகுப்பையே போவன்பள்ளி காய்கறிச் சந்தைக்கு அழைத்துப் போனேன். கூடைகளில் வந்திறங்கிய தக்காளியில் எவ்வளவு அழுகல் என்று மாதிரி எடுத்துக் கணிக்க வேண்டும். நான் ஒரு கூடையின் மேலிருந்து எடுத்தேன்.

"நக்கோ, வேணாம் மேடம்! மேல நல்லதா அடுக்கியிருப்பான். அடியில கைவிட்டு எடுங்க" என்றான் பாஸ்கர். செகந்திராபாத் ரயில்வே தொழிலாளியின் மகன். வகுப்பில் வாயே திறக்காதவன். எல்லோரும் சிரித்தார்கள், வாதாடினார்கள், கணக்குப் போட்டார்கள்.

திரும்பும்போது அவன் சொன்னான்: "படிப்ப விட்டுடலாம்னு இருந்தேன். இப்படின்னா தினமும் வருவேன் மேடம்."

மறுநாள் துறைத் தலைவர் கூப்பிட்டார். "சந்தைக்குப் போறதுக்கா உங்களுக்குச் சம்பளம்? இனி வகுப்பறையைத் தாண்டக் கூடாது." நான் தலையாட்டினேன்.

பாஸ்கர் இன்னும் ஒரு வாரம் வந்தான். பிறகு வரவில்லை. வீடு தேடிப் போனேன். ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாக அவன் அம்மா சொன்னார். அந்த மாதிரி வகுப்பை இனி நடத்த முடியாத நான், திரும்ப அனுப்புங்கள் என்று கேட்காமலே வந்துவிட்டேன்.

ஓய்வு பெறும்வரை பாடம் நடத்தினேன். கற்பிப்பதில் இவ்வளவு சந்தோஷம் உண்டு என்பது அந்த ஒரு காலையில்தான் தெரிந்தது. தெரியாமலே இருந்திருக்கலாம் என்று சில சமயம் தோன்றும்.