நாலு கம்பிக்கு ஒரு சிபாரிசு

எந்த உத்தியோகத்திலும் சம்பளத்துக்குச் செய்கிற வேலை ஒன்று, தலையில் கட்டிவிட்ட வேலை ஒன்று என்று இரண்டு இருக்கும். ஆளைச் சாகடிப்பது இரண்டாவதுதான். பள்ளிக்கூடத்தில் பஸ் இன்சார்ஜ், ஆபீசில் பொங்கல் விழா இன்சார்ஜ், அபார்ட்மெண்டில் தண்ணி லாரி இன்சார்ஜ் என்று எதிலாவது மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும். மற்றவர்கள் கொடுத்துவைத்தவர்கள், நன்றாக இருங்கள்.

பூந்தமல்லியைத் தாண்டி இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில் நான் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். அது சம்பளத்துக்கு. தலையில் கட்டிய வேலை, கலைத்திறன் உதவித்தொகை.

பாடினது என் தப்பு

ஒரு பிரிவுபசார விழாவில் பாட வேண்டியவர் தொண்டை கட்டிக்கொண்டு வந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாவத்துக்கு மைக் என் கைக்கு வந்தது. அரைப் பாட்டு பாடினேன். மறுநாளே உத்தரவு வந்துவிட்டது.

விஷயம் இதுதான். பாட்டு, நடனம், வாத்தியம் என்று ஏதாவது ஒன்றில் கெட்டிக்காரப் பிள்ளைகள் மூன்று பேருக்கு ஓர் அறக்கட்டளை முழுப் படிப்புச் செலவையும் கொடுக்கிறது. ஆனால் வருஷா வருஷம் திறமை வளர்ந்திருக்கிறது என்று ஒரு குழு எழுதிக் கொடுத்தால்தான் அடுத்த வருஷத்துப் பணம். குழுவில் மெக்கானிக்கல் படித்த டீன், விளையாட்டு ஆசிரியர், நான். விளையாட்டு ஆசிரியர் எப்படி வந்தார் என்று கேட்காதீர்கள். எங்கள் மூன்று பேரில் தினமும் ஏதாவது ஊதுகிறவர் அவர் ஒருவர்தான், விசில்.

எனக்குக் கலையைப் பற்றி ஒன்றும் தெரியாது சார் என்று டீனிடம் போய் நின்றேன். அவர் ஃபைலிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "அதனாலதான் மேடம் உங்களப் போட்டோம். தெரிஞ்சவங்களப் போட்டா பாரபட்சம்னு பேச்சு வரும்."

எட்டு நிமிஷம்

டேனியல் பி.காம் முதல் வருஷம் சேர்ந்தபோது விண்ணப்பித்தான். அந்த வருஷம் மூன்று இடத்துக்கு மூன்றே விண்ணப்பம், அதனால் கிடைத்துவிட்டது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் கிடைத்திருக்காது.

ஆவடி குவார்ட்டர்ஸ் பையன். அப்பா பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. ஆறாம் வகுப்பிலிருந்து சர்ச் பாடகர் குழுவில் வாசிக்கிறான். என்ன வாசிக்கிறான் என்பதில்தான் சிக்கல். பேஸ் கிடார். சாதாரண கிடாருக்கு ஆறு கம்பி, இதற்கு நாலே கம்பி, ஒவ்வொன்றும் துணி காயப்போடலாம் போலத் தடிமன். பாட்டுக்கு அடியில் தும், தும்தும் என்று போய்க்கொண்டே இருக்கும். மேலே பாட்டு இருந்தால் அது சுகம். தனியாக வாசித்தால் மாடி வீட்டில் யாரோ நடக்கிற மாதிரி இருக்கும்.

எங்கள் விதிப்படி தனியாகத்தான் வாசித்துக் காட்ட வேண்டும். பையன் கண்ணை மூடிக்கொண்டு எட்டு நிமிஷம் உயிரைக் கொடுத்து வாசித்தான். முடித்துவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தான். டீன் உற்சாகமாகத் தலையாட்டினார். "நல்லா சுருதி சேத்துட்டப்பா. இப்ப பாட்ட ஆரம்பி."

கீர்த்தனாவின் மேக்கப்

உதவித்தொகை வாங்கும் பிள்ளைகளைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்கள் ஒரு வாரம் அவர்களோடு சுற்றிப் பார்க்க வேண்டும். எந்தக் கட்டடத்துக்குப் பூஜை போட்டாலும், எந்த விருந்தாளி எங்கள் கேன்டீனில் டீ குடிக்க வந்தாலும் இவர்களுக்குத்தான் அழைப்பு. டேனியலோடு தேர்வான மற்ற இரண்டு பேரில் அருண் இறைவணக்கம் பாட வேண்டும். கீர்த்தனா வரவேற்பு நடனம் ஆட வேண்டும். டேனியல் பின்னால் தும்தும். இதனால் தவறிப்போன வகுப்புக்கு வருகைப் பதிவு கிடையாது. 'கலையத்தான் நீங்க வளர்க்கறீங்களே மேடம், வருகைய நாங்க எதுக்கு வளர்க்கணும்' என்று பேராசிரியர்களே என்னைக் கிண்டல் செய்வார்கள். பிள்ளைகளுக்காக நான் ஒவ்வொரு துறையாகப் போய்ப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன்.

ஒருமுறை காலை பத்து மணிக்கு வர வேண்டிய விருந்தினர் பாடி மேம்பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டு மதியம் ஒன்றரைக்கு வந்தார். வந்தவர் நேரமில்லை என்று நடனத்தை ரத்து செய்துவிட்டார். விடிகாலையில் பட்டாபிராமில் அலங்காரம் செய்துகொண்டு, ஆளெல்லாம் பார்க்க ரயிலில் வந்த பெண், ஜடையும் சலங்கையுமாக என் எதிரில் வந்து நின்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் சாதாரணமாகக் கேட்டாள்: "இதக் கலைச்சிடவா மேடம், இல்ல சாயங்காலம் வேற யாராச்சும் வர்றாங்களா?"

முழங்கை

மூன்றாம் வருஷத்துக்குப் புதுப்பிக்கும் விண்ணப்பத்தோடு நிகழ்ச்சிப் புகைப்படங்கள் பத்து இணைக்க வேண்டும். அருணுக்கு நூறு இருந்தது. கீர்த்தனாவுக்கு ஆல்பமே இருந்தது. டேனியலுக்கு நான் இரண்டு வருஷத்துப் படங்களையும் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடினேன். எல்லாப் படத்திலும் அருண் முன்னால் நிற்கிறான், அவனுக்குப் பின்னால் பெரிய ஸ்பீக்கர், அதற்கும் பின்னால் டேனியல். ஒன்றில் ஷூ தெரிந்தது. ஒன்றில் தலைமுடி. மற்றதிலெல்லாம் முழங்கை.

கிடைத்ததற்கெல்லாம் சிவப்பு மையால் வட்டம் போட்டு ஒட்டினேன். அலுவலகக் கண்காணிப்பாளர் மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இவ்ளோ வட்டம் போட்டிருக்கீங்க, ஒரு வட்டத்துலயாச்சும் மூஞ்சி இருக்கக் கூடாதா மேடம்?"

அப்பா கேட்ட சந்தேகம்

ஃபைல் இழுக்கிறது என்று தெரிந்ததும் டேனியலின் அப்பா என்னைப் பார்க்க வந்தார். ஷிப்ட் முடிந்து நேராக, தொழிற்சாலை உடையோடு. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், உட்காரச் சொன்னால் நாற்காலியின் நுனியில் உட்காரும் மனிதர். மகள் இந்த வருஷம் நர்சிங் சேர்ந்துவிட்டாள். இரண்டு பேரையும் படிக்கவைக்க அவரால் ஆகாது. உதவித்தொகை நின்றால் பையன் மூன்றாம் வருஷத்தை விட வேண்டியதுதான். செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு குடோனில் பார்சல் பிரிக்கிற வேலைக்குச் சொல்லி வைத்திருப்பதாகச் சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, மேஜையைப் பார்த்தார்.

பையன் நன்றாகத்தான் வாசிக்கிறான், அந்த வாத்தியம்தான் தனியாகக் கேட்டால் எடுபடவில்லை என்று என்னால் முடிந்தவரை விளக்கினேன். கவனமாகக் கேட்டார். எழுந்து வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். "ரெண்டு கம்பி கூடக் கட்டிட்டா சரியாப் போயிருமா மேடம்?"

என் கையெழுத்து

இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. குழு கூடியது. டேனியல் மறுபடி எட்டு நிமிஷம் வாசித்தான். மேலே அருணின் பாட்டு இல்லை, அதே தும்தும்தான். 'முன்னேற்றம் தெரியவில்லை, இடத்தை அடுத்த வருஷம் வேறு யாருக்காவது பார்த்துக்கொள்ளலாம்' என்றார் டீன். விளையாட்டு ஆசிரியர் கையெழுத்துப் போட்டார். நான் இரண்டு நிமிஷம் வாதாடினேன். பிறகு, அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக நானும் போட்டேன். அந்த வார்த்தைகளுக்குக் கீழே என் பெயர் இருக்கிறது. அன்றைக்கு லேபில் இரண்டு குடுவையை உடைத்தேன்.

அடுத்த புதன்கிழமை அறக்கட்டளைத் தலைவரே வருவதாகவும், பட்டியலை அவர் கையில் நேரில் கொடுப்பதாகவும் ஏற்பாடு. அதற்கு முன்னால் டேனியலைக் கூப்பிட்டு நான்தான் சொன்னேன். திட்டுவான், அழுவான் என்று தயாராக இருந்தேன். பையின் வாரைத் திருகிக்கொண்டே கேட்டான். "அப்போ புதன்கிழம விழாவுக்கு நான் வரணுமா, வேணாமா மேடம்?"

மைக் கோளாறு

வர வேண்டாம், வகுப்புக்குப் போ என்று சொல்லிவிட்டேன். இருக்கிற வருகைப் பதிவாவது மிஞ்சட்டும் என்று நினைத்தேன்.

புதன்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. தலைவர், பாடி ஏரியாவில் ஒரு சின்னப் பட்டறையில் ஆரம்பித்துப் பெரிய ஆளானவர், முன்வரிசையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அருண் பாட ஆரம்பித்தான். குரல் நன்றாக இருந்தது, கீபோர்டு, டிரம்ஸ் எல்லாம் இருந்தது. ஆனால் பாட்டு என்னவோ தரையில் கால் பாவாமல் தொங்கிக்கொண்டிருந்தது. டீன் முகத்தைச் சுளித்தார். மைக்கை மாற்றினார்கள். ஸ்பீக்கரைத் திருப்பினார்கள். வயரைப் பிடுங்கிச் செருகினார்கள். தலைவர் டீன் பக்கம் சாய்ந்து, எங்கேயோ ஏதோ கழண்டு நிற்கிற மாதிரி இருக்கிறதே என்றார். டீன் என்னைப் பார்த்தார். நான் மைக் செட்டு பாபு அண்ணனிடம் ஓடினேன்.

அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "மைக்கு சோக்காத்தான் கீது மேடம். நாலு கம்பி வெச்சிகினு ஒரு தம்பி பின்னால நிப்பான்ல, அவன் இன்னிக்கி வரல. அவன வுட்டுட்டு என் பொட்டிய நோண்டிகினு இருந்தா இன்னா நாயம்?"

டைப்பிங் மிஸ்டேக்

அதை டீன் காதில் அப்படியே சொன்னேன், 'இன்னா நாயம்' உட்பட. அவர் சட்டைப்பையிலிருந்த கவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், பட்டியல் அதில்தான் இருந்தது. பிறகு பியூனை மூன்றாம் மாடிக்கு அனுப்பினார்.

டேனியல் காஸ்ட் அக்கவுண்டன்சி நோட்டோடு வந்தான். நோட்டை ஸ்பீக்கர் மேல் வைத்துவிட்டு, மேடை ஓரத்தில் எப்போதும் வைத்திருக்கும் கிடாரை மாட்டிக்கொண்டு, வழக்கம்போல ஸ்பீக்கருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். அடுத்த பாட்டு ஆரம்பித்தது. எனக்குச் சங்கீத ஞானம் கிடையாது, ஆனால் நாற்காலியில் வைத்திருந்த என் கைக்கு அந்த அதிர்வு தெரிந்தது. அருணின் குரலே இரண்டு பங்கு பெரிதானது. விளையாட்டு ஆசிரியர் திரும்பி என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டோம். தலைவர் விரலால் தாளம் போட்டுக்கொண்டே, பின்னால் நிற்கிற அந்தப் பையனும் நம்ம உதவித்தொகைப் பையன்தானே என்று கேட்டார். டீன் கண்ணைக்கூடச் சிமிட்டாமல், ஆமாம் சார், நம்ம பையன்தான் என்றார்.

எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. டீன் கவரை எடுத்து, கைக்குட்டைக்குள் மறைத்து என் பக்கம் நீட்டினார். "லிஸ்ட்ல ஒரு டைப்பிங் மிஸ்டேக் இருக்கு மேடம். சாப்பாட்டுக்குள்ள சரி பண்ணிக் கொண்டாந்துடுங்க."

வயர் சுற்றும்போது

ஓடிப்போய் அடித்தேன். ஒரு பெயரை டைப் அடிப்பதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. விளையாட்டு ஆசிரியர் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். இந்த முறை நான் படித்துவிட்டுத்தான் போட்டேன். சாப்பாட்டுக்கு முன்னால் பட்டியல் தலைவர் கைக்குப் போய்விட்டது.

டேனியல் காலி அரங்கத்தில் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். மூன்றாம் வருஷம் உறுதி, அப்பாவுக்குச் சொல் என்றேன். சுற்றுவதை நிறுத்திவிட்டுப் போனை எடுத்தான். அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னாரோ, இவன் 'ஆமாப்பா', 'நெசமாப்பா' என்று திரும்பத் திரும்பச் சொன்னான். வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மிச்ச வயரையும் சுற்றி முடித்தான். அதற்குப் பிறகு எந்த வம்பும் இல்லாத குரலில், உண்மையாகவே தெரிந்துகொள்வதற்காகக் கேட்டான்: "அப்போ இனிமே செலக்‌ஷன் அன்னிக்கு நான் வாசிக்கணுமா, இல்ல லீவு போடணுமா மேடம்?"

பதினோரு பக்கப் படிவத்தை வைத்துக்கொண்டு நாங்கள் மூன்று பேர் இரண்டு வருஷமாகக் கண்டுபிடிக்காததை மைக் செட்டு போட வந்தவர் ஒரே பாட்டில் கண்டுபிடித்துவிட்டார், ஆனாலும் தேர்வுக் குழுவில் இன்றைக்கும் இருப்பது நாங்கள் மூன்று பேர்தான்.