ஓணானுக்குக் கட்டிய பெட்டி

மகள் வீட்டை விட்டுப் போனபோது தன் ஓணானை எங்களிடம் விட்டுப் போனாள். சூரிச்சில் இன்னும் இரண்டு பேருடன் அவள் பகிர்ந்துகொண்ட வீட்டில் பிராணிகள் வைத்திருக்க அனுமதி இல்லை. பதின்மூன்று வயதில் தாயை நச்சரித்து வாங்கிய பிராணி அது. அவுஸ்திரேலியப் பாலைவனத்து இனம். தாடையின் கீழ் தாடி மாதிரி முட்கள் இருக்கும். பயந்தால் அது கறுத்துவிடும். ஊரில் ஓணானைக் கண்டால் கல்லெடுக்கும் கூட்டத்தில் நானும் ஒருவன். சுவிஸில், ஷாஃப்ஹவுசன் நகரத்து எங்கள் மூன்றாம் மாடி வீட்டில், ஓர் ஓணானுக்குத் தினமும் சில்வண்டு பிடித்துப் போடும் நிலை எனக்கு வந்தது.

அவள் போனதற்குக் காரணம் நான். வங்கியொன்றில் தொழிற்பயிற்சி செய்துகொண்டிருந்தவள் மூன்றாம் வருடத்தில் அதை விட்டுவிட்டாள். காலையில் எழும்பவே முடியவில்லை, அங்கே மூச்சு முட்டுகிறது என்றாள். தொழிற்சாலைக் கன்டீனில் சட்டி கழுவுகிற நான், மகள் வங்கியில் என்று கோயிலில் காண்கிற எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அன்று நான் கதைத்தவற்றை இங்கே எழுத மாட்டேன். கடைசியாக, இனி உனக்கும் எனக்கும் கதை இல்லை என்றேன். அவள் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள்.

பதினான்கு மாதம் தாயுடன் மட்டும் தொலைபேசியில் கதைத்தாள். மனைவி ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் பின்னேர வேலை. அதனால் மத்தியானம் வீட்டுக்கு வரும் நான்தான் ஓணானைப் பார்க்க வேண்டியிருந்தது. அதன் கண்ணாடிப் பெட்டி மீன் தொட்டியை விடச் சற்றுப் பெரிது. இரண்டு எட்டு வைத்தால் மறுபக்கச் சுவர். நாள் முழுக்க அது முன்கண்ணாடியைப் பிறாண்டிக்கொண்டே இருக்கும். பெரிய பெட்டி வேண்டும் என்று மகள் வருடக்கணக்காகக் கேட்டிருந்தாள். ஒரு ஓணானுக்கு இது போதும் என்று நான்தான் மறுத்தேன்.

பெட்டிக்குள் இரண்டு விளக்குகள். ஒன்று சூட்டுக்கு. மற்றது நீளக் குழாய் விளக்கு. அவள் போய்ச் சில மாதங்களில் மனைவி சொன்னாள்: “பிள்ளை சொன்னவள், அந்த நீட்டு லைற்றை வருசத்துக்கு ஒருக்கா மாத்தோணுமாம். அவள் இருக்கேக்கையே மாத்தவேண்டிய காலமாம்.”

“எரியிறதை ஏன் மாத்தோணும்?” என்றேன்.

மனைவி பிறகும் ஒருமுறை ஞாபகப்படுத்தினாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போன வசந்தத்தில், மெதுவாக, அந்தப் பிறாண்டல் நின்றது. அது வயிற்றைத் தரையில் வைத்தபடி படுத்தே கிடந்தது. நடக்கும்போது விரல்கள் நடுங்கின. இடம் போதாமல் சோர்ந்துவிட்டது என்று நானே முடிவு செய்துகொண்டேன். எனக்கும் கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. மகளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வராது. ஆனால் ஒரு பெட்டி கட்ட முடியும்.

எங்கள் கட்டடத்தின் நிலவறையில் எல்லோருக்கும் பொதுவான வேலை அறை ஒன்று உண்டு. ஆறு வாரம் மத்தியானங்களில் அங்கே இருந்தேன். ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைந்த நீளம், இடுப்பளவு உயரம். பின்சுவருக்கு மரப்பட்டை ஒட்டினேன். மணலும் களிமண்ணும் குழைத்துத் தரை போட்டேன். ரைன் ஆற்றங்கரைக் காட்டில் விழுந்து கிடந்த கிளை ஒன்றைக் கொண்டுவந்து, கொதிநீர் ஊற்றிக் கழுவி, காயவைத்து, தரையிலிருந்து விளக்கு வரை சாய்த்துக் கட்டினேன். அதன் கீழே தட்டைக் கல். பழைய குழாய் விளக்கையே கழற்றி மேலே பூட்டினேன்.

ஓணானைத் தூக்கி உள்ளே விட்டபோது தாடி கறுத்தது. கால் மணித்தியாலம் அசையவில்லை. பிறகு நாக்கால் மண்ணைத் தொட்டது, கிளையின் அடிவரை போனது. நான் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். ஒரு சொல்லும் எழுதவில்லை. அன்று பின்னேரம் பதில் வந்தது: நல்லா இருக்கு அப்பா.

அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

மறுநாள் வேலையால் வந்தபோது ஓணான் கிளையின் உச்சியில் இருந்தது. மேற்சட்டையைக் கழற்றும்போது தொப்பென்று ஒரு சத்தம். கல்லின்மேல் பக்கவாட்டாகக் கிடந்தது. பின்கால் ஒன்று இருக்கக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. வாயைத் திறந்து மூடியது, குரல் இல்லை. அந்தப் பிராணிகளுக்கு அழத் தெரியாது.

மகளுக்கு நானே அழைத்தேன். விழுந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். ஊர்வன பார்க்கும் மிருக வைத்தியர் சூரிச்சில் இருப்பதாகவும் உடனே கொண்டுவரும்படியும் சொன்னாள். சப்பாத்துப் பெட்டிக்குள் துவாய் விரித்து, பக்கத்தில் சுடுநீர்ப் போத்தல் வைத்து, மடியில் ஏந்தியபடி ரயிலில் போனேன்.

சூரிச் ரயில் மேடையில் மகள் நின்றாள். மெலிந்திருந்தாள், தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்தாள்.

“மூச்சு விடுதோ?”

“ஓம்.”

வைத்தியர் ஒரு இளம்பெண். எக்ஸ்ரே படத்தைத் திரையில் காட்டினார். எலும்புகள் புகை மாதிரித் தெரிந்தன. கால் மட்டுமல்ல, முதுகும் முறிந்திருந்தது. இந்த உயரத்திலிருந்து விழுந்து ஆரோக்கியமான ஓணான் இப்படி முறியாது என்றார். பிறகு குழாய் விளக்கை எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டார். அந்த விளக்கு வருடக்கணக்காக எரியும், ஆனால் எலும்பில் சுண்ணாம்புச் சத்துச் சேர உதவும் கதிர், கண்ணுக்குத் தெரியாதது, ஒரு வருடத்தில் செத்துப்போகும் என்று எனக்காக மெதுவான ஜெர்மனில் விளக்கினார்.

மகள் என் பக்கம் திரும்பினாள்.

“அம்மா உங்களுக்குச் சொல்லேல்லையோ?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் நாக்கில் வந்து நின்றது. சொல்லியிருந்தால் கோபம் முழுக்கத் தாய் மேல் போயிருக்கும். எனக்கு வந்திருந்த அந்த ஒரு வரிப் பதிலும் மிஞ்சியிருக்கும்.

“அம்மா ரெண்டு தரம் சொன்னவ. நான்தான் மாத்தேல்லை.”

அவள் வைத்தியர் பக்கம் திரும்பினாள். வைத்தியருடன் சுவிஸ் ஜெர்மனில் வேகமாகக் கதைத்தாள். எனக்குப் பாதி விளங்கியது. மிச்சத்தை முகங்கள் சொல்லின. வலியில்லாமல் போக ஊசி போடுவதுதான் வழி.

நான் கதவை நோக்கி நடந்தேன். அந்த அறையில் நிற்க எனக்கு உரிமை இல்லை என்று நினைத்தேன்.

“அப்பா, நில்லுங்கோ,” என்றாள். “நீங்கள்தானே இவ்வளவு நாளும் சாப்பாடு குடுத்தது. உங்கட மணம் அதுக்குத் தெரியும்.”

அது மன்னிப்பா, தண்டனையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவள் ஓணானின் தலையைத் தடவினாள். நான் அதன் வயிற்றின் கீழ் கை கொடுத்து நின்றேன். முதல் ஊசி தூங்குவதற்கு. இரண்டாவதற்குப் பிறகும் நிறைய நேரம் வைத்தியர் இதயத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஊர்வனவற்றுக்கு அது நிற்க நேரமெடுக்கும் என்றார்.

வெளியே வந்தோம். அவளுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. லாங்ஸ்ட்ராஸ தெருப் பக்கம் ஒரு கபேயில் வேலைக்கு நிற்கிறாள் என்பதையே அப்போதுதான் அறிந்தேன். சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். ஓம் என்று பொய் சொன்னேன். டிராம் வந்ததும் ஏறிவிட்டாள்.

ஐந்து வாரம் கழித்து ஒரு ஞாயிறு வந்தாள். பெட்டி அப்படியே இருந்தது. கையை உள்ளே விட்டுக் கிளையை அசைத்துப் பார்த்தாள். பிறகு மூவருமாகச் சாப்பிட்டோம். வங்கியைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. கபேயில் அதிகாலை வேலைக்கு மாறியிருக்கிறேன் என்றாள், எழும்புவது இப்போது கஷ்டமில்லை என்றாள். மனைவி அவளுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.