சபாபதி அண்ணன் குடிக்காத தண்ணீர்

பாவு பிணைத்துக்கொண்டிருந்தேன். முடிந்துபோன பாவின் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையை விரல் நுனியில் முறுக்கிச் சேர்க்கும் வேலை அது. நடுவில் எழுந்தால் வரிசை தப்பிவிடும். அப்போதுதான் சபாபதி அண்ணன் மகள் தேவகி போன் செய்தாள். "சித்தப்பா, அப்பா போயிட்டாரு" என்றாள். அவள் பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம் மட்டும் கேட்டது. கையிலிருந்த இழையை முறுக்கி முடித்தேன். அடுத்த இழையையும் எடுத்துவிட்டேன். பக்கத்திலிருந்த என் மனைவி மேரிதான் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

சபாபதி அண்ணனின் படத்தை நெசவாளர் சங்கத்தில் திறந்து வைக்கும்போது என்னை நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். பேசினால் அழுதுவிடுவேன், எழுதித் தருகிறேன் என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சமீபகாலம் வரை கைநாட்டு வைத்தவன் நான். மாலை வகுப்புக்குப் போய் இந்த வயதில் எழுத்து படித்தேன். மெதுவாகத்தான் எழுத வருகிறது. ஒரு வரி முடிந்ததும் அதை விரலால் தடவிப் பார்க்கிறேன். நெஞ்சு நிறைந்துவிடுகிறது. சாவை எழுதும்போது இப்படிச் சந்தோஷப்படலாமா என்று தெரியவில்லை. அண்ணனைக் கேட்டால், "படுறா, யாரு கேக்கப் போறாங்க" என்றிருப்பார்.

நான் ஓரிக்கைக்காரன். என் அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நாற்று நட்டவர்கள். தறி எங்கள் வீட்டில் இருந்ததில்லை. சபாபதி அண்ணன் வீட்டில் அது தலைமுறை தலைமுறையாக இருந்தது. கோர்வைச் சேலை நெய்ய இரண்டு பேர் வேண்டும். உடலை நெய்பவர் ஒருவர், வேறு நிறத்தில் வரும் கரைக்கு ஊடை நூல் வைத்த நாடாவை எறிபவர் ஒருவர். அண்ணனுக்கு வலப்பக்கம் நான் உட்கார்ந்தேன். மீசை அரும்பிய வயதில் தொடங்கி, இருவருக்கும் தலை வெளுக்கும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

"பொண்டாட்டிகூட நான் இவ்ளோ நேரம் ஒரசிக்கினு உக்காந்ததில்லடா சூசை" என்பார்.

"அந்தக் கொடுமை எனக்கு எதுக்கு? நீயே வச்சிக்கோ சூசை" என்று உள்ளேயிருந்து அண்ணி குரல் கொடுப்பார்.

அவருடையது குழித்தறி. தரையோடு தரையாக உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதியை மிதிக்க வேண்டும். எழுந்திருக்க வேண்டுமானால் இரண்டு கைகளையும் ஊன்றி, உடம்பை மேலே தூக்கி, முட்டியை மடக்கிக் காலை வெளியே எடுக்க வேண்டும். ஒரு மழைக்காலத்தில் தறியிலிருந்து நறநறவென்று ஒரு சத்தம் வரத் தொடங்கியது. மிதி ஈரத்தில் ஊதிவிட்டது என்றார் அண்ணன். எண்ணெய் போட்டோம். கயிற்றை மாற்றினோம். ஆசாரியைக் கூப்பிட்டு இழைக்கச் சொன்னோம். சத்தம் நிற்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு அவர் குழியிலிருந்து ஏறினார். மிதி அசையாமல் கிடந்தது. சத்தம் மட்டும் வந்தது.

"அண்ணே, எண்ணெய எடம் மாத்திப் போட்டுட்டோம். ஒங்க முட்டிக்கு இல்ல போட்டிருக்கணும்" என்றேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெளிய சொல்லாத" என்றார்.

அதற்குப் பிறகுதான் நான் கவனித்துப் பார்க்கத் தொடங்கினேன். காலையில் முதல் சில அடிகளைக் கட்டை போல எடுத்து வைப்பார். கொஞ்ச நேரத்தில் கால் பழகிவிடும். நெய்ய நெய்ய வலி ஏறும், படுத்தால் இறங்கும். மாடிப்படியில் பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாக இறங்குவார். சில நாட்கள் முட்டி வீங்கி, வேட்டிக்கு மேலேயே தெரியும். இதற்கு ஒரு பெயர் இருக்கிறது, வைத்தியம் இருக்கிறது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. "முட்டி வலிக்காத நெசவாளின்னா அவன் தறியில உக்காரவே இல்லன்னு அர்த்தம்" என்பார் அவர். தெருவே அப்படித்தான் நம்பியது. வலியைத் தொழிலின் அடையாளமாக வைத்துக்கொண்டோம். அதைப் பெருமையாகப் பேசினோம்.

வலித்தும் அவர் ஏன் மறைத்தார் என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். தேவகிக்குத் தெரிந்தால் தறியைப் பிரித்துப் போட்டுவிட்டு அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்துவிடுவாள். அதுதான் அவருடைய பயம். "குழியில எறங்காத சபாபதின்னு ஒருத்தன் இருக்கானா? எனக்கு அவனத் தெரியாதே" என்றார் என்னிடம்.

பங்குனித் திருவிழாவில் சாமி எங்கள் தெருவுக்குள் வந்தது. எல்லோரும் கீழே விழுந்து கும்பிட்டார்கள். அண்ணனும் விழுந்தார். நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போகிறவன். அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். எல்லோரும் எழுந்தார்கள், அவர் எழவில்லை. மேளம் நகர்ந்தது, சாமி அடுத்த வீட்டுக்குப் போனது, அவர் கிடந்தபடியே கிடந்தார். "இன்னா பக்தி பாரு. சாமிய உட மனசில்ல" என்று ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் குனிந்தேன்.

"சூசை, சாமி போயிடுச்சா?" என்று மண்ணைப் பார்த்தபடியே கேட்டார்.

"தெருவே தாண்டிடுச்சிண்ணே."

"அப்ப தூக்குறா. எவன் பாக்கறான்னு பாத்துட்டுத் தூக்கு."

தூக்கினேன். என் தோளில் அவருடைய முழு எடையும் விழுந்தது. அவர் நெற்றியில் மணல் ஒட்டியிருந்தது. அதைத் துடைக்காமல் வீட்டுக்குள் போனார்.

தண்ணீர் விஷயம் அந்தக் கோடையில்தான் எனக்குத் தெரிந்தது. அண்ணி தினமும் தறிப்பக்கம் ஒரு சொம்புத் தண்ணீர் வைப்பார். சாயங்காலம் பார்த்தால் சொம்பு நிறைந்தே இருக்கும். நான்தான் குடித்துத் தீர்ப்பேன். வெயில் கொளுத்துகிறது, பட்டுக்குக் காற்று ஆகாது என்று ஜன்னலைச் சாத்தியிருக்கிறோம், இந்த மனுஷன் ஒரு வாய் குடிக்க மாட்டேன் என்கிறார்.

"குடிங்கண்ணே, நாக்கு வெளுத்துப் போயிருக்குது."

"குடிச்சா ஒண்ணுக்கு வரும். ஒண்ணுக்கு வந்தா ஏறணும். ஒரு தடவ ஏறி எறங்கறதுக்குள்ள உசுரு போயி உசுரு வருதுடா."

காலையில் குழியில் இறங்குவார், மத்தியானம் ஒரு தடவை ஏறுவார், பிறகு பொழுது சாய்ந்துதான். அதற்காகத் தாகத்தை அடக்கக் கற்றுக்கொண்டார். வலிக்கு மருந்துக் கடையில் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் மாத்திரைகளை வாங்கினார். ஒரு வாய்க் காப்பியோடு அவற்றை விழுங்குவார். வருஷக் கணக்கில் இது நடந்தது. மாத்திரை போட்டால் வலி மறைந்தது, வலி மறைந்தால் நெய்தார். "இந்த மாத்திர இருக்கே, அது என் மூணாவது காலு" என்றார்.

கணுக்கால் வீங்கியது. பிறகு முகம் வீங்கியது. சாப்பாட்டைக் கண்டால் குமட்டியது. அண்ணி அவர் பேச்சைக் கேட்காமல் தேவகியை வரவழைத்தார். பெரிய ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். டாக்டர் சின்ன வயதுக்காரர், பொறுமையாகப் பேசினார். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன என்றார். தினமும் போட்ட வலி மாத்திரையும், குடிக்காமல் விட்ட தண்ணீரும் சேர்ந்து இப்படிச் செய்திருக்கும் என்றார்.

"முட்டி?" என்று கேட்டார் அண்ணன்.

"முட்டி தேஞ்சிருக்குது பெரியவரே. மூட்டுத் தேய்மானம்னு சொல்வோம். அது யாரையும் கொல்லாது. அதோடயே நல்லா வாழலாம். நீங்க மொதல்லயே வந்திருந்தா..."

அண்ணன் தன் முட்டியைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முட்டிக்கும் சேர்த்துப் பார்க்கட்டும் என்று பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த பெண் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, காலை நீட்டித் தொடையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னாள். தொடைச் சதைக்குப் பலம் வந்தால் முட்டிமேல் பாரம் குறையும் என்றாள். தரையில் உட்காராதீர்கள், உயரமான இருக்கை வேண்டும், ஒரே இடத்தில் வெகுநேரம் உட்காராமல் அடிக்கடி எழுந்து நாலு அடி நடந்துவிட்டு வாருங்கள், எடையைக் கொஞ்சம் குறையுங்கள் என்றாள். கக்கூஸுக்கு நாற்காலி போடச் சொன்னாள். வலி கூடிய வலது காலின் பக்கமே கைத்தடியை ஊன்றி வந்திருந்தார். அதை வாங்கி இடது கையில் கொடுத்தாள்.

"வலிக்கிற பக்கத்த உட்டுட்டு நல்ல பக்கத்துக்கு எதுக்கும்மா குச்சி?"

"நடந்து பாருங்க தாத்தா."

நடந்தார். வராந்தாவின் கோடிவரை முன்னைவிடச் சுலபமாகப் போய்த் திரும்பி வந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. "இவ்ளோதானாடா சூசை?" என்றார். "இவ்ளோதானா?"

வீட்டுக்கு வந்ததும் ஆசாரியை அழைத்தோம். குழியை மூடி, தறியைச் சட்டத்தின்மேல் தூக்கி நிறுத்தி, பெஞ்சு உயரத்துக்கு இருக்கை போட்டோம். தேவகி தறியைப் பிரிக்கவில்லை. இருக்கைக்குப் பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்தாள். வாரத்தில் சில நாள் ஆஸ்பத்திரியில் மிஷின் வைத்து அவர் ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். மற்ற நாட்களில் அண்ணன் அதில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சம் நெய்தார். சுலபமாக எழுந்தார், சுலபமாக உட்கார்ந்தார். ஆனால் இப்போது தாகம் எடுத்தாலும் இஷ்டத்துக்குக் குடிக்கக் கூடாது. சிறுநீரகம் வேலை செய்யாததால் டாக்டர் தண்ணீரை அளந்துதான் குடிக்கச் சொல்லியிருந்தார். அண்ணி சொம்பை எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டு, சின்ன டம்ளரில் ஊற்றிக் கொடுப்பார். அதை அவர் நாக்கில் வைத்து உருட்டி உருட்டி விழுங்குவார். அந்த நேரத்தில் நான் வெளியே போய்விடுவேன்.

அவருக்கு ரத்தம் சுத்தம் செய்யும் நாட்களில் நான் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக் காட்டினேன். எத்தனையோ வருஷம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர்தான் எனக்குப் படித்துக் காட்டினார். இப்போது என் முறை. எழுத்துக் கூட்டி, ஒவ்வொரு வார்த்தையாக வெளியே இழுத்தேன்.

"டேய், நீ முடிக்கறதுக்குள்ள நாளைக்குப் பேப்பர் வந்துடும்டா" என்றார். பக்கத்துப் படுக்கைக்காரர்கூடச் சிரித்தார். ஆனால் நான் நிறுத்தினால் விடமாட்டார். "அப்புறம் இன்னா ஆச்சு, படி" என்பார். என் வாழ்க்கையில் அப்படி ஒரு பள்ளிக்கூடம் எனக்குக் கிடைத்ததில்லை. அந்த அறையிலும் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

கடைசி வாரம் சந்தோஷம் இல்லை. மிஷினை அவர் உடம்பு தாங்கவில்லை. முட்டி வீங்கிக் கொதித்தது. பழைய மாத்திரையைக் கொடுக்க முடியாது. வேறு மருந்து கொடுத்தார்கள், போதவில்லை. நான் போனபோது வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். "வலிக்குதுடா சூசை! வலிக்குது!" தேவகி பயந்துபோய் வாசலில் நின்றாள். அப்பா அந்த வார்த்தையைச் சொல்லி அவள் கேட்டதே இல்லையாம். நானும் கேட்டதில்லை. உயிர் போகிறது என்பார், முறுக்குகிறது என்பார், கேலி செய்வார். வலிக்கிறது என்று மட்டும் சொன்னதே இல்லை. கத்தி ஓய்ந்த பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "இத மின்னாடியே சொல்லியிருக்கணும்டா. சொல்றது ஒண்ணும் கஷ்டமா இல்லியே" என்றார்.

அந்த ஒரு வார்த்தையைத்தான் அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். கருமகாரியம் முடிந்து தறியில் உட்கார்ந்தேன். பின்னாளில் என் வீட்டில் போட்ட தறியும் குழித்தறிதான். கரைக்கு நாடா எறிய மேரி பக்கத்தில் இருந்தாள். சாயங்காலம் கையூன்றி ஏறும்போது என் இடது முட்டியில் நறநறவென்றது. சில மாதமாகவே அப்படித்தான். வாயை மூடிக்கொண்டு ஏறிவிடப் பார்த்தேன். பிறகு வாயைத் திறந்து, "வலிக்குது" என்றேன். எனக்கே அதிகச் சத்தமாகத்தான் இருந்தது.

மேரி நாடாவைக் கீழே வைத்தாள். "தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். நாளைக்குத் தறி கெடையாது, ஆஸ்பத்திரிதான்" என்றாள்.

எதிர்வீட்டில் ஓடிக்கொண்டிருந்த தறி நின்றது. பிறகு ஜன்னல் வழியாக ஒரு குரல் வந்தது.

"சூசண்ணே, எனக்குந்தான் வலிக்குது. நானும் வரட்டா?"