"எங்க புள்ள கெட்டிக்காரன்தானுங்க மிஸ்!"

பாடம் நடத்தத்தான் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பெற்றவர்களிடம் பேச யாரும் கொடுக்கவில்லை. சாக்பீஸ் தூள் தின்று வாழும் சகோதர சகோதரிகளே, என் கதையைக் கேளுங்கள். சங்ககிரி பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு நான் கணக்கு டீச்சர். இந்த வருடம் கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பொறுக்கித் தனி வகுப்பு வைக்கப்போகிறோம் என்றார் எங்கள் பிரின்சிபால். டீச்சர் சொன்னால் போதாதாம், பெற்றவர்களும் சொல்ல வேண்டுமாம். பிள்ளைகளோடு எல்லாரையும் ஹாலில் உட்காரவைத்து, ஒவ்வொருவராகக் கேட்கும் வேலை என் தலையில் விழுந்தது.

வீடியோ காலில் வந்த அப்பா

முதலில், போர்வெல் போடும் ரிக் வண்டி முதலாளி ஒருவர். சத்தீஸ்கரில் போர் போட்டுக்கொண்டிருந்தவர், மனைவியின் செல்போனில் வந்தார். பின்னால் ரிக் உறுமியது. அதற்கும் மேலே அவர் கத்தினார். "பையன் வீட்டில் என்ன மாதிரி கேள்வி கேட்பான்?" என்று நானும் தொண்டை கிழியக் கேட்டேன். இப்படி ஒரு மூளை இந்த மாவட்டத்திலேயே கிடையாது என்று ஆரம்பித்தவர், லேசில் நிறுத்தவில்லை. கடைசியில் கேட்டார்:

"எல்லாமே அவனுக்கு அத்துப்படிங்க மிஸ். ஆமா, இப்ப எத்தனாவது படிக்கறானுங்க?"

தலைநகரங்கள்

அடுத்து வந்த அம்மா மகனை நாற்காலி மேலேயே ஏற்றிவிட்டார். எந்த நாட்டை வேண்டுமானாலும் கேட்கலாமாம். கேட்டேன். தலைநகரங்கள் பட்பட்டென்று வந்து விழுந்தன. பையன் என்னைப் பார்க்கவே இல்லை, அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மாவின் உதடுகளோ ஓயாமல் அசைந்துகொண்டிருந்தன. பையனைச் சுவர்ப் பக்கம் திருப்பி நிற்கவைத்தேன். பிரான்சிலேயே வண்டி நின்றுவிட்டது. அந்த அம்மாவுக்குக் கோபமான கோபம்.

"செவுத்தப் பாத்து நிக்கவெச்சா எந்தப் புள்ளைங்க சொல்லும்?"

புத்தகம் தப்பு

என் வகுப்பில் தன்யா என்று ஒருத்தி. கொடுத்த கணக்கை முடித்துவிட்டு மீதி நேரமெல்லாம் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் வகுப்பே புத்தகத்தின் கடைசிப் பக்கத்து விடையைப் பார்த்து எழுதியிருந்தது. இவள் மட்டும் வேறு விடை எழுதி, கீழே 'புத்தகம் தப்பு மிஸ்' என்று போட்டிருந்தாள். போட்டுப் பார்த்தேன், புத்தகம்தான் தப்பு. இன்னும் ஒரு வருடம் இவள் ஃபேனையே பார்க்கக் கூடாது என்று எனக்குத் தவிப்பு.

அவள் அம்மா தறி ஓட்டுகிறவர். தலையெல்லாம் பஞ்சோடு வந்து உட்கார்ந்தார். கேட்டேன். "சுத்த மக்குங்க மிஸ். சோறு திங்கத்தான் லாயக்கு" என்றார், ஹாலுக்கே கேட்கும்படி. பிரின்சிபால் அங்கேயே பட்டியலில் அவள் பெயரை அடித்துவிட்டார். நான் அவரிடம் சண்டைக்குப் போனேன்.

"பெத்த தாயே மக்குங்கறப்ப, உங்களுக்கு என்னங்க மிஸ் அவ்வளவு அக்கறை?"

கேட்டுக்கு வெளியே

வந்த ஆத்திரத்தில் தன்யாவின் அம்மாவைப் பஸ் ஸ்டாப் வரைக்கும் துரத்திக்கொண்டு ஓடினேன். அங்கே அந்த அம்மா, மகளின் காலடி மண்ணை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டிருந்தார். ஊட்டுக்குப் போய்ச் சுற்றிப்போட வேண்டுமாம்.

"நீங்கதான் மக்குன்னு சொல்லிட்டீங்களே, அப்புறம் எதுக்கு?" என்றேன்.

"பின்ன, அத்தன கூட்டத்துல கெட்டிக்காரின்னு சொல்லச் சொல்றீங்களா? கண்ணு பட்டு, புள்ள காய்ச்சல்ல படுத்துட்டா நீங்களா வந்து பாப்பீங்க?" என்றவர் குரலைத் தணித்தார். "ஊட்ல அவ கேக்கற கேள்விக்கெல்லாம் எங்களுக்குப் பதிலே தெரியறதில்லீங்க மிஸ்." சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் பிரின்சிபால் அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினேன். அப்புறம் அந்த அம்மா மகளின் பெருமையை நிறுத்தவே இல்லை. பிரின்சிபால் பெயரை மறுபடி எழுதினார். வாசல் வரை போன அம்மா திரும்பி வந்தார்.

"சேத்துக்கங்க சார். ஆனா யாராச்சும் கேட்டா, படிப்பு வராததுகளுக்குத் தனி டியூசன்னு சொல்லீருங்க."

ஆக, பெற்றவர்களைக் கூட்டத்தில் வைத்துக் கேட்டால் ஊரில் இருக்கும் பிள்ளைகள் எல்லாருமே மேதைகள்தான், நிஜமான மேதையைத் தவிர.