வெள்ளிமலையில் மட்டும் ஓடிய லேப்டாப்

கள்ளக்குறிச்சிக்கு வெளியே ஓர் அரிசி ஆலையில் நான் கணக்கு எழுதுகிறேன். எழுதுகிறேன் என்பது பழைய பழக்கத்தில் வரும் சொல். உண்மையில் லேப்டாப்பில் தட்டுகிறேன். அந்த லேப்டாப் என் சொந்தம். ஆபீசுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போடலாமா என்று முதலாளி கேட்டபோது, "வேணாங்க, நம்மகிட்ட இருக்கறதே நல்லா ஓடுது" என்று சொன்னவன் நான். என்னைப் பற்றி உயர்வாக நினைப்பார் என்று எண்ணினேன். அவர் என்ன நினைத்தாரோ, அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அப்போதே அது வயதான லேப்டாப். பிறகு இன்னும் தளர்ந்துபோயிற்று. காலையில் வீட்டில் அதன் பொத்தானை அழுத்திவிட்டுக் குளிக்கப் போவேன். தலை துவட்டிக்கொண்டே வந்து பார்த்தால் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். ஆலையில் நெல் வரவு ஏற்றும்போது இன்னும் மோசம். ஒரு எண்ணைத் தட்டினால் திரையில் வராது. வரவில்லையே என்று மறுபடி தட்டினால் இரண்டும் சேர்ந்து வந்து நிற்கும். ஒருமுறை இப்படி ஒரு பூஜ்யம் கூடுதலாக விழுந்து, மூங்கில்துறைப்பட்டுப் பக்கத்து விவசாயி ஒருவரின் மூட்டைக் கணக்கு பத்து மடங்காகிவிட்டது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "அவருக்கு இருக்கறது நெலமா, ஜில்லாவா?" என்று கேட்டார்.

என் மனைவி அங்கன்வாடியில் வேலை செய்கிறாள். குழந்தைகளின் எடை, உயரம் எல்லாம் அவள் போனிலேயே ஏற்றிவிடுவாள். நான் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை ஒருநாள் பார்த்துவிட்டு, "என் போனே இதவிட வேகமா போவுது. அத தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்க" என்றாள்.

"மிஷின்ல ஒண்ணும் கோளாறு இல்ல. மெயின்டனன்ஸ் இல்ல, அவ்ளோதான்" என்றேன். அந்தச் சொல்லை அன்று காலைதான் ஒரு வீடியோவில் கேட்டிருந்தேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அதைச் சரிசெய்துவிடுவது என்று அறிவித்தேன். வீட்டில் இருப்பது அவளும் கல்லூரிக்குப் போகும் மகளும்தான். ஆனாலும் முறையாக அறிவித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வேலை நடந்தது. வீடியோவில் பேசியவர் எல்லாம் சில நிமிட வேலைதான் என்றார். அவர் சொன்னபடி வேண்டாத கோப்புகளை அழித்தேன். எது வேண்டாதது என்று தெரியாத இடங்களில் பெயர் நீளமாக இருந்ததை அழித்தேன். லேப்டாப் திறந்ததும் தானாக எழுந்துகொள்ளும் நிரல்களை நிறுத்தினேன். வேகத்தைக் கூட்டித் தருவதாகச் சொன்ன நிரல் ஒன்றை இறக்கினேன். அது போதாது என்று தோன்றியதால் இன்னொன்றையும் இறக்கினேன். முதலாவது, இரண்டாவதை ஆபத்து என்றது. இரண்டாவது, முதலாவதை உடனே நீக்கச் சொன்னது. இருவரும் ஒருவரையொருவர் காவல் காக்கும் வேலையில் மும்முரமாக இருந்தார்கள். நான் இருவரையும் நம்பினேன்.

முகப்பில் படம் இருந்தாலே பாரம், வெறும் கறுப்பாக வையுங்கள் என்றும் அந்த வீடியோக்காரர் சொல்லியிருந்தார். முகப்பில் இருந்தது கோமுகி அணைக்குப் போனபோது எடுத்த படம். மனைவியும் மகளும் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். அதை எடுத்துவிட்டுக் கறுப்பாக்கினேன். டீ கொண்டுவந்து வைத்த மனைவி திரையைப் பார்த்தாள்.

"எங்க படம் இன்னா ஆச்சு?"

"பாரமா இருக்குதுன்னு எடுத்துட்டேன்."

"எங்க ரெண்டு பேரு மூஞ்சிதான் ஒங்களுக்கு பாரமா இருந்துதா?" என்று கேட்டுவிட்டு டீயைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் பொத்தானை அழுத்திவிட்டுக் குளித்து, என் சட்டையையும் துவைத்து, கொடியில் போட்டுவிட்டு வந்தேன். வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. இந்தமுறை கறுப்புப் பின்னணியில் தெளிவாகத் தெரிந்தது.

சூடானபோதெல்லாம் அதிலிருந்து லேசாக ஒரு வாசனை வரும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். எதையோ பக்குவமாக வறுப்பதுபோல இருக்கும். பக்கத்து வீட்டில் ஏதோ செய்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். "அவுங்க வூட்ல தெனமும் வறுத்துக்கினே இருக்காங்க, இங்கதான் ஒண்ணுமில்ல" என்று மனைவியிடம் குறைகூடச் சொல்லியிருக்கிறேன்.

பங்குனி வெயில் ஏறியிருந்த நேரம் அது. என் அக்கா வெள்ளிமலையில் அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. அங்கேயே வீடு எடுத்துத் தங்கியிருக்கிறாள். ரிப்பேருக்குக் கொடுத்திருந்த அவளுடைய மிக்சியை வாங்கிக்கொண்டு மேலே வரச் சொன்னாள். ஆலைக் கணக்கு பாக்கி இருந்ததால் ஒரு பையில் மிக்சி, இன்னொரு பையில் லேப்டாப் என்று கச்சிராயப்பாளையம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினேன். கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு பையையும் கட்டிப்பிடித்துக்கொண்டு போனேன். வெள்ளிமலையில் இறங்கியபோது காற்று சில்லென்று முகத்தில் அடித்தது.

மறுநாள் காலையில் அக்கா வீட்டு ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து லேப்டாப்பின் பொத்தானை அழுத்தினேன். பழக்கதோஷத்தில் எழுந்து துண்டைத் தேடினேன். திரும்பினால் திரை முழுக்கத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நம்பாமல் கணக்குக் கோப்பைத் திறந்தேன். திறந்தது. எண்ணைத் தட்டினேன். வந்தது. அழித்தேன். அழிந்தது. மத்தியானத்துக்குள் பாக்கி வேலை எல்லாம் முடிந்துவிட்டது.

எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை செய்த வைத்தியம் இப்போதுதான் பிடித்திருக்கிறது என்று முடிவு செய்தேன். உடனே மனைவிக்குப் போன் செய்தேன்.

"ஓடுது. பறக்குது. செட்டாவ கொஞ்சம் நாளாவும்னு நான் சொன்னனா இல்லியா?"

"நீங்க சொல்லவே இல்லியே" என்றாள். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

அக்கா இதைப் பள்ளியில் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். மாலையில் தலைமையாசிரியை பள்ளிக்கூட லேப்டாப்போடு வந்துவிட்டார். தினமும் சங்கராபுரத்திலிருந்து பஸ்ஸில் மேலே வந்துபோகிறவர். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "சார், இது ரொம்ப ஸ்லோவா இருக்குது. ஆன்லைன்ல ஒரு வேலையும் முடிய மாட்டேங்குது. கொஞ்சம் பாக்கறீங்களா?" என்றார்.

என்னை யாரும் கம்ப்யூட்டர் விஷயத்தில் சார் என்று கூப்பிட்டதில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். "மெயின்டனன்ஸ் இல்ல டீச்சர்" என்று ஆரம்பித்து, வீடியோக்காரர் சொன்னது முழுவதையும் அவர் குரலிலேயே சொன்னேன். நீளமான பெயர்களை மட்டும் தொடவில்லை. அரசாங்கச் சொத்து. கடைசியில் முகப்புப் படத்துக்கு வந்தேன். வெள்ளைத் தாமரையில் சரஸ்வதி வீணையோடு உட்கார்ந்திருந்தாள்.

"இந்தப் படத்த எடுக்கணும் டீச்சர்."

"சரஸ்வதியவா சார்?"

"பாரம்."

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா சுவரைப் பார்த்தாள். நான் எடுத்தேன். பிறகு லேப்டாப்பை ஒருமுறை அணைத்துப் போட்டேன். முன்னைவிட நன்றாகவே ஓடியது. மாதக்கணக்கில் அதை அணைக்காமல் மூடிமட்டும் வைத்துவந்திருக்கிறார்கள், அணைத்துப் போட்டதே பாதி வைத்தியம் என்பதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் என் கைராசிதான். தலைமையாசிரியை மறுநாள் ஒரு பாட்டில் மலைத்தேன் கொடுத்தனுப்பினார். அதை மடியில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினேன். வைத்தியத் தொழிலைப் பகுதிநேரமாகச் செய்யலாமா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் தேன் பாட்டிலை மேஜைமேல் வைத்தேன். மனைவியையும் மகளையும் எதிரே உட்காரவைத்தேன். "பாருங்க" என்று பொத்தானை அழுத்தினேன்.

வட்டம் சுற்றியது.

கொஞ்ச நேரம் மூவரும் அதையே பார்த்தோம். "பஸ்ல வந்த அலுப்பு. வளைவுல ரொம்ப ஆடிப்போச்சு" என்றேன். மகள் எழுந்து போய்த் தட்டுகளைக் கழுவ ஆரம்பித்தாள். கேட்காமலேயே அவள் தட்டு கழுவியது எனக்குத் தெரிந்து அதுதான் முதல்முறை. அவ்வளவு சங்கடமாக இருந்திருக்கிறது அவளுக்கு. மனைவி மட்டும் வட்டம் நிற்கும்வரை உட்கார்ந்திருந்தாள். "தேன் நல்லா இருக்குது" என்றாள்.

அடுத்த மாதக் கணக்கு முடிக்கும் நேரம் வந்தது. ஆலையில் உட்கார்ந்து முடிக்க முடியவில்லை. எனக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியது. முதலாளியிடம் போய், "கணக்கு முடிக்க ரெண்டு நாள் மலைக்குப் போய் வரட்டுங்களா?" என்று கேட்டேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "கணக்கு முடிக்கப் போறியா, சாமியாரா போறியா?" என்றார். ஆனாலும் அனுப்பிவைத்தார்.

வெள்ளிமலையில் இறங்கி, அக்கா வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினேன். ஓடியது. எனக்கு உடம்பு சிலிர்த்துப்போயிற்று. மேலே கரண்ட் சுத்தமாக வருகிறதோ, டவர் கம்மியாக இருப்பதால்தானோ என்று என்னென்னவோ யோசித்தேன். நடுவில் தலைமையாசிரியை வேறு வந்தார். முகத்தில் ஒரு தயக்கம்.

"தப்பா நெனச்சிக்காதீங்க சார். நீங்க போன கொஞ்ச நாள்லயே அது மறுபடி ஸ்லோ ஆயிடுச்சி. மனசு கேக்கல, சரஸ்வதிய திரும்ப வச்சிட்டேன். அன்னிக்கே கரண்ட் போய், சார்ஜ் எறங்கி ஆஃப் ஆயிடுச்சி. ஆன் பண்ணதுல இருந்து நல்லா ஓடுது."

"நல்லதுங்க டீச்சர்" என்றேன். சரஸ்வதி என்னைவிடக் குறைந்த நேரத்தில் முடித்திருக்கிறாள், அதுவும் பேச்சில்லாமல்.

அவர் போன பிறகு அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கீழே ஓடாதது மேலே ஓடும் அதிசயத்தை அவளிடம் விளக்கினேன். அக்காவுக்கு லேப்டாப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. என்னைப் பற்றித் தெரியும்.

"இதுல இன்னாடா அதிசயம்? வெயில் நாள்ல ஒன்ன கடைக்கு அனுப்பினா சாயந்தரம்தான் வருவ. கேட்டா சூடு தாங்கலம்ப. ஒன் பொருளு ஒன்ன மாதிரிதான இருக்கும்?"

"மிஷினுக்கும் மனுசனுக்கும் வித்தியாசம் இருக்குதுக்கா" என்று ஒரு பாடம் எடுக்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் லேப்டாப்பின் பக்கவாட்டில் இருந்த சிறு துளைகளில் கையை வைத்துப் பார்த்தாள். "எங்க ஸ்கூல்ல இருக்கறதுல இங்க கை வச்சா காத்து வரும். குளிருக்கு நாங்க கைய காட்டிக்கினு இருப்போம். இதுல ஒண்ணுமே வரலியே" என்றாள்.

நானும் கை வைத்தேன். காற்றே இல்லை. இத்தனை வருஷத்தில் அந்தத் துளைகள் எதற்கு என்று நான் யோசித்ததே கிடையாது. அழகுக்கு என்று நினைத்திருப்பேன்.

கீழே வந்ததும் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்த லேப்டாப் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் வயதுக்காரர். அடி மூடியின் திருகுகளைக் கழற்றிவிட்டு உள்ளே பார்த்தார். பார்த்துவிட்டு நிமிர்ந்து, "கோழிப்பண்ணை வச்சிருக்கீங்களா சார்?" என்று கேட்டார்.

"இல்லீங்க. ரைஸ் மில்லுல கணக்கு எழுதறேன்."

"அதான பாத்தேன். உள்ள தீவனம் ரெடியா இருக்குது."

சின்ன மின்விசிறி ஒன்று உள்ளே இருந்திருக்கிறது. அது தெரியாதபடி தவிடு அடைத்து, படிந்து, அடைபோல இறுகியிருந்தது. விசிறி ஓடாமல் சூடேறினால் மிஷின் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமாம்; மேலே அதை ஓடவைத்தது மலைக் குளிர்தான். ஆலையில் என் மேஜை இருப்பது பாலீஷ் மிஷினுக்கு அடுத்த தடுப்பில். அங்கே பறக்கிற தவிட்டைத்தான் அந்த விசிறி வருஷக்கணக்காக இழுத்துச் சேர்த்திருக்கிறது. கடைக்காரர் அந்த அடையைக் குறட்டால் எடுத்து என் கையில் வைத்தார். பழுப்பேறி, நன்றாக வறுபட்டிருந்தது. மோந்து பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எதையும் வறுக்கவில்லை என்பது அப்போது புரிந்தது. அவர்கள் வீட்டில் தினமும் பலகாரம் என்று எவ்வளவு பொறாமைப்பட்டிருக்கிறேன்.

அவர் எல்லாவற்றையும் சுத்தம் செய்து, விசிறிக்கு அடியில் ஏதோ பசையைப் புதிதாகத் தடவி, என் இரண்டு வேகக்காரர்களையும் நீக்கிவிட்டு, பழைய டிஸ்க்குக்குப் பதிலாகப் புது மாதிரி டிஸ்க் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். அங்கேயே பொத்தானை அழுத்திக் காட்டினார். வட்டம் முழுதாக ஒரு சுற்றுகூட வரவில்லை. பக்கவாட்டில் கையை வைத்தேன். காற்று வந்தது. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

கோமுகி அணைப் படத்தைத் திரும்ப முகப்பில் வைத்து வீட்டில் காட்டினேன். மனைவி பார்த்துவிட்டு, "பாரம் ஒண்ணும் இல்லியே?" என்று மட்டும் கேட்டாள். ஆலையில் முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் என் மேஜையை எடைமேடைப் பக்கம் மாற்றிவிட்டார். அங்கே தவிடு வராது. கணக்கு மத்தியானத்துக்குள் முடிந்துவிடுவதைப் பார்த்து, அவர் மச்சானுடைய ஆலைக் கணக்கையும் என்னிடமே கொடுத்துவிட்டார். வேகம் கூடியதில் எனக்குக் கிடைத்த லாபம் அதுதான்.

இப்போது ஒரு தொல்லை. லேப்டாப்பைச் சரிசெய்கிற ஆள் என்று என் பேர் மலையிலிருந்து இறங்கி ஆலைவரை வந்துவிட்டது. எடைமேடைக்கு வருகிறவர்களில் யாராவது ஒருவர் கக்கத்தில் லேப்டாப்போடு நிற்கிறார். எனக்கு ஒன்றும் தெரியாது, பஸ் ஸ்டாண்டு கடையில் கொடுங்கள் என்று உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். போன வாரம் லாரி ஆபீஸ் கணக்கர் ஒருவரிடமும் அப்படித்தான் சொன்னேன். அவர் வெளியே போய் டிரைவரிடம் சொன்னது ஜன்னல் வழியாக எனக்கே கேட்டது.

"தெரியும்யா அவருக்கு. நல்லாவே தெரியும். இப்ப ரெண்டு மில்லு கணக்கு பாக்கறாரு இல்ல, நம்மகிட்டல்லாம் பேசுவாரா?"