மூவாயிரத்து இருநூறு

நீடாமங்கலத்தில் என் அக்கா வீட்டுக் கூடத்தில், காலண்டருக்கும் கடிகாரத்துக்கும் நடுவே, நான் எடுத்த புகைப்படம் ஒன்று சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. ஆயிரக்கணக்கில் எடுத்துத் தள்ளியவன் நான். சுவரேறும் கௌரவம் இந்த ஒன்றுக்குத்தான் கிடைத்தது. படத்தில் இருப்பது அக்கா மகள். அப்படித்தான் எல்லோரும் சொல்கிறோம். மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் வெறும் வெளிச்சம் இருக்கிறது. எதையும் பிடிக்காமல் அந்தரத்தில் நிற்கும் மூக்குத்தியை வைத்து, மூக்கு எங்கே இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

அந்தக் கேமராவை வாங்கியபோது எனக்கு நாற்பது வயது. அந்த வயதில் சிலருக்குப் பக்தி வரும், சிலருக்குச் சர்க்கரை வரும். எனக்குக் கேமரா வந்தது. தடித்த புத்தகங்கள் நான்கு படித்தேன். எனக்கு அது வராது என்பது தெளிவானது. அலுவலக நண்பர் ஒருவர் இரக்கப்பட்டு, மற்ற அளவுகளையெல்லாம் ஏதோ ஒரு நிலையில் நிறுத்திக் கொடுத்து, "இதையெல்லாம் தொடாதீங்க சார். ஐ.எஸ்.ஓ. மட்டும் மாத்துங்க. இருட்டா இருந்தா நம்பரை ஏத்துங்க, வெளிச்சமா இருந்தா இறக்குங்க" என்றார். எண் ஏற ஏறக் கேமராவுக்கு வெளிச்சத்தின் மேல் பேராசை வரும். கூடவே படத்தில் தவிடு தூவியதுபோலப் புள்ளிகளும் வரும். என் கலை முழுவதும் அந்த ஒரு பொத்தானில் அடங்கியிருந்தது.

அக்கா மகள் வேளாண்மை படித்தவள். விதைப்பண்ணையில் வேலை, நாள் முழுக்க வயலில் நிற்பாள். காது குத்தியபோது என் மடியில்தான் உட்காரவைத்தார்கள். தாய்மாமன் மடியில் வலிக்காது என்றார்கள். வலித்தது. என் கையைக் கடித்தாள். பிறகு நான் சைக்கிள் கற்றுக்கொடுத்த லட்சணத்தில் வாய்க்கால் மதகில் மோதி, இடது புருவத்தில் ஒரு தழும்பு வாங்கினாள். நல்ல கறுப்பு. அக்கா அதை ஒப்புக்கொள்ள மாட்டாள். அவள் கணக்கில் பெண் பிறவியிலேயே மாநிறம். மீதியெல்லாம் படிப்பு செய்த வேலை.

நாகூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் சிங்கப்பூரில். பெண்ணின் போட்டோ கேட்டார்கள். ஸ்டுடியோவில் எடுத்தால் 'டச்சப்' என்று கண்டுபிடித்துவிடுவார்களாம், இயற்கையாக இருக்கவேண்டும் என்று அக்கா என்னைக் கூப்பிட்டாள். வெயிலில் நிறுத்தினால் இன்னும் கறுத்துத் தெரியும் என்று கூடத்திலேயே, ஜன்னலோரம் நாற்காலி போட்டாயிற்று. மயில்கழுத்து நிறப் புடவை. அத்தான் எங்கிருந்தோ ஒரு தெர்மாகோல் அட்டையைக் கொண்டுவந்து, பெண்ணின் முகத்தில் வெளிச்சம் படும்படி பிடித்துக்கொண்டு நின்றார்.

நானூறில் எடுத்தேன். அவள் அவளாகவே இருந்தாள். தழும்பு கூடத் தெரிந்தது. என் வாழ்நாளில் நான் எடுத்த ஒரே நல்ல படம் அது. அக்கா என் தோளுக்கு மேலாக எட்டிப்பார்த்து, "என்னடா இது, ஏத்து" என்றாள். எண்ணூறு. "இன்னும்." ஆயிரத்து அறுநூறு.

"போதும்க்கா. இதுக்கு மேல போனா வெளுத்துடும்."

"அதுக்குத்தானே உன்னைக் கூப்பிட்டேன்! பொய்யா சொல்லச் சொல்றேன்? லைட்டைத்தானடா கூட்டச் சொல்றேன்."

நாற்காலியில் இருந்தவள் சிரித்துக்கொண்டே கேட்டாள்: "மாமா, எத்தனைக்குப் போனா நான் சுத்தமா காணாமப் போவேன்?"

"ஆறாயிரத்து நானூறுல. கேமராவும் அதோட சரி, நீயும் அதோட சரி" என்றேன். அத்தான் அட்டை ஆடும்படி சிரித்தார். அவளும் சிரித்தாள். நகைச்சுவை உணர்வு உள்ளவன் என்று எனக்கு வட்டாரத்தில் பெயர். பொத்தானை அழுத்தி மூவாயிரத்து இருநூறுக்குக் கொண்டுபோனேன். தழும்பு போயிற்று, மூக்கு போயிற்று, மயில்கழுத்து வெளிறி ஆகாயமாயிற்று. அக்கா கண்ணில் நீர் வந்துவிட்டது. "எம் பொண்ணு எவ்வளவு அழகு பாரு" என்றாள். நானூறில் எடுத்ததை அவளே அழிக்கச் சொன்னாள். அழித்தேன்.

படம் பிடித்துப்போய், அடுத்த மாதமே பெண் பார்க்க வந்தார்கள். அவள் காபித் தட்டோடு வந்து நின்றாள். பையனின் பெரியப்பா, வெள்ளந்தியான மனிதர், டம்ளரை எடுத்துக்கொண்டு அன்பாகவே கேட்டார்: "போட்டோல இருக்கற பொண்ணு உங்க அக்காவாம்மா? உள்ள இருக்காங்களா?"

தாய்மாமன் வாய் திறக்கவேண்டிய இடம். திறந்தேன். "அன்னைக்குக் கொஞ்சம் வெளிச்சம் ஜாஸ்திங்க" என்றேன்.

அவள் தட்டைச் சாய்க்காமல் சொன்னாள்: "நான்தாங்க அது. மாமா கொஞ்சம் ஏத்திட்டாங்க."

காபி நன்றாக இருந்ததாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்கு மேல் ஒரு தகவலும் இல்லை. அக்கா அந்தப் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு மாட்டினாள். ஒருமுறை துணிந்து, எடுத்துவிடலாமே என்றேன். "அவ நல்லாருக்கற ஒரே போட்டோ. அதையும் எடுக்கச் சொல்றியா?" என்றாள்.

அக்கா மகள் பிறகு கூடப் படித்தவரையே கல்யாணம் செய்துகொண்டு தருமபுரிப் பக்கம் போய்விட்டாள். நன்றாகத்தான் இருக்கிறாள். கேமராவைக் கண்டால் மட்டும் சண்டை சச்சரவு இல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கல்யாண ஆல்பம் முழுக்க மாப்பிள்ளை யாரோ ஒருவருடைய பின்னலோடு நிற்கிறார்.

இந்தப் பொங்கலுக்கு வந்திருந்தாள். நானும் கேமராவோடு போயிருந்தேன். இத்தனை வருஷத்தில் மற்ற பொத்தான்களையும் ஒருவாறு கற்றுக்கொண்டுவிட்டேன். எண்ணை நூறில் வைத்துக்கொண்டே, கைநடுங்காமல், இருப்பதை இருப்பதாக எடுக்கத் தெரியும். அதே ஜன்னலோரம் அவள் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். காலை வெளிச்சம் இடது புருவத்துத் தழும்பில் அழகாக விழுந்திருந்தது. கேமராவை மெல்லத் தூக்கினேன்.

"வேணாம் மாமா" என்றாள், நிமிராமலே. "அதான் ஒண்ணு இருக்கே."

கடிகாரத்துக்குப் பக்கத்தில் மூக்குத்தி மின்னிக்கொண்டிருந்தது. கேமராவை மடியில் வைத்துக்கொண்டேன். அவள் ஒரு பிடி மொச்சையை என் பக்கம் தள்ளினாள். நானும் உரிக்க ஆரம்பித்தேன்.