ஒரு ஜான் குடுங்க

2004-இல் வேலூர்க் கல்லூரி ஒன்றில் எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்த தேவகிருபைக்கு ஒரே பிடிவாதம்: கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் காதல் உண்டா என்று ஆராய்ந்தே தீர வேண்டும். வழிகாட்டிப் பேராசிரியர் சத்தியநாதன் தலையில் அடித்துக்கொண்டார்.

“பொம்மைங்க சுட்டுக்கிட்டுச் சாவுது, அதுல இன்னாம்மா காதல்? ஒரே ஒரு அத்தாட்சி காட்டு. இல்லாட்டி வெள்ளிக்கிழமை தலைப்ப மாத்திடுவேன்.”

அவ்வளவுதான், அம்மணி பஸ் பிடித்து ஆம்பூருக்கு ஓடினாள். அங்கே ஷபீ அஹமதும் அவர் மனைவி ரஃபத் ஜஹானும் ஒரு பிரவுசிங் சென்டர் நடத்தினார்கள். மத்தியானத்தில் ஆளில்லாமல் கடை ஈயாடும். புருஷனும் பெண்சாதியும் ஒரே கீபோர்டில் முட்டி மோதிக்கொண்டு துப்பாக்கி ஆட்டம் ஆடுவார்கள். பேச்செல்லாம் உருது. அதில் தேவகிருபைக்குப் பிடிபட்டது ஒரே ஒரு பெயர், ஜான். சர்ச்சில் எந்த பெஞ்சைப் பார்த்தாலும் ஒரு ஜான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வளர்ந்தவள், பாவம், வேறு என்ன நினைப்பாள்?

மறுநாளே மூச்சிரைக்க சார் வீட்டு வாசலில் நின்றாள்.

“காதல் இருக்குது சார்! அந்தம்மா புருஷன் கிட்டயே ‘ஜான், ஜான்’னு உசிர வாங்குது. அவரும் சிரிச்சிக்கிட்டே எதையோ தட்டுறாரு. யாரோ ஜான்னு ஒரு ஆளு சார்!”

“அடுத்தவங்க குடும்ப விவகாரம்மா இது!” என்று சார் பதறினார். ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து அப்போதுதான் வந்திருந்த அவர் மனைவி எப்சி, கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டார். “யாருங்க அந்த ஜான்? வாங்க, போய்ப் பாத்துடலாம்.”

சென்டரில் விஷயத்தைக் கேட்டு ரஃபத் ஜஹான் சிரித்த சிரிப்பில் துப்பட்டா நழுவியது.

“ஐயோ மேடம், ஜான்னா உசிரு! ஆட்டத்துல ஆளுக்கு மூணு ஜான். என்னோடது தீந்துட்டா, அவரு ஒரு பட்டனத் தட்டி அவரோடத எனக்குக் குடுக்கலாம்.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “வீட்ல என்னையும் ஜான்னுதான் கூப்புடுவாரு.”

ஷபீ அஹமது காது சிவந்து, சுத்தமாயிருந்த மானிட்டரைத் துடைக்க ஆரம்பித்தார்.

உயிருக்கும் காதலிக்கும் ஒரே சொல்! தேவகிருபை தலைகால் புரியாமல் குதித்தாள். சார் மசியவில்லை. “அது வெறும் வார்த்தைம்மா. ஆட்டத்துல காதல் எங்க?”

“பேசினது போதும், உக்காருங்க” என்று எப்சி அவரை நாற்காலியில் தள்ளிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அடடா, என்ன ஆட்டம்! வருகிற தோட்டாவையெல்லாம் எப்சி தேடிப்போய் வாங்கினார். கண் மூடித் திறப்பதற்குள் மூன்றும் காலி. சாரிடம் ஒன்றுதான் பாக்கி.

“ஏங்க, ஒரு ஜான் குடுங்க!”

“எனக்கே ஒண்ணுதான்டி இருக்குது! குடுத்தா நான் அவுட்டு.”

கொடுக்காவிட்டால் தலைப்பு போச்சு; தேவகிருபை மானிட்டர் ஓரமாக வந்து தலையை நீட்டினாள். சார் திரையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். ‘தொலையட்டும்’ என்று பட்டனைத் தட்டினார். அவருடைய ஆள் மறைந்தான், எப்சியின் ஆள் துள்ளி எழுந்தான். எப்சி போட்ட கூச்சல் தெருவுக்கே கேட்டது.

“சார், தலைப்பு...” என்று இழுத்தாள் தேவகிருபை.

“வெச்சிக்கோ, வெச்சிக்கோ” என்றார் சார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “கொஞ்சம் தள்ளி நில்லும்மா. எப்சி ஆடுறது தெரியல.”